எட்டு பீரியட், நாலு வழி: ஏழாம் வகுப்புக்குச் சோழர் பாடத்தை எப்படி நடத்துவது?

பள்ளி திறந்து ரெண்டு வாரம் ஆனதும் எங்கள் ஆசிரியர் அறையில் வருஷா வருஷம் அதே பேச்சு கிளம்பும். ஏழாம் வகுப்பு முதல் பருவத்தில் வருகிற சோழர் பாடத்தை எப்படி நடத்துவது? புத்தகத்தை வரி வரியாக வாசித்து, கேள்வி பதில் எழுதவைத்து முடித்துவிடலாம் என்பார் ஒருவர். கதையாகச் சொன்னால்தான் மண்டையில் நிற்கும் என்பார் இன்னொருவர். புதிதாகப் பணிக்கு வந்தவர் யாராவது இருந்தால் "கூட்டிட்டுப் போய்க் காட்டிடலாமே" என்பார். நாங்கள் பழைய ஆட்கள் வேன் வாடகையை நினைத்துச் சிரித்துக்கொள்வோம். கல்வெட்டை வகுப்புக்குக் கொண்டுவருவது என்று இன்னும் ஒரு வழி இருக்கிறது, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

நான் மதுராந்தகம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். இந்த நாலு வழியையும் வெவ்வேறு வருஷங்களில் முயன்று பார்த்தாயிற்று. எதில் என்ன கிடைத்தது, எதில் மூக்குடைபட்டேன், எட்டு பீரியட்தான் கையில் இருக்கிறது என்றால் எதை எடுப்பேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எட்டு என்று ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் பள்ளியில் சமூக அறிவியலுக்கு வாரம் ஐந்து பீரியட். அதற்குள் வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் எல்லாம் அடங்க வேண்டும். கூட்டிக் கழித்தால் இந்தப் பாடத்துக்கு எட்டு தேறும். அதிலும் ஒன்று எமிஸ் என்கிற கல்வித் துறை இணையதளப் பதிவில் போய்விடும், ஒன்று ஏதாவது உறுதிமொழி எடுக்கும் நாளில் போய்விடும். ஆனால் பாடமோ, 850 வாக்கில் விஜயாலயன் தஞ்சாவூரைப் பிடித்ததில் ஆரம்பித்து, 1279இல் மூன்றாம் ராஜேந்திரனோடு சோழர் கதை முடிந்து, அப்புறம் பாண்டியர்கள், 1311இல் மாலிக் காபூர் மதுரைக்கு வந்தது வரைக்கும் ஓடுகிறது. நானூற்று அறுபது வருஷத்தை எட்டு நாற்பது நிமிஷத்துக்குள் அடைக்க வேண்டும்.

முதல் வழி, புத்தகத்தோடு போவது. இதை மட்டமாகப் பேசுவது இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வகுப்பில் நாற்பத்தைந்து பேர் இருக்கிறார்கள், அதில் ஏழெட்டுப் பேர் எந்த நாளும் வரமாட்டார்கள். ஒரு வாரம் திருவிழாவுக்குப் போய்விட்டு வருகிற பிள்ளைக்குப் புத்தகம்தான் ஒரே பிடிமானம். எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்கிற உதவித்தொகைத் தேர்வு எழுதுகிற பிள்ளைகளுக்கு ஏழாம் வகுப்புப் பாடத்திலிருந்தும் கேள்வி வரும். தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய். எங்கள் ஊரில் அது ஒரு குடும்பத்துக்கு விளையாட்டுக் காசு இல்லை. தக்கோலம் போர் எந்த ஆண்டு, 'சுங்கம் தவிர்த்த சோழன்' யார் என்று அங்கே கேட்டால், நாங்கள் நாடகம் போட்டோம் என்று பதில் எழுத முடியாது. அதனால் பாடத்தை முழுக்க ஒரு தடவையாவது ஓட்டிக் காட்டாமல் விடுவது பிள்ளைக்குச் செய்கிற துரோகம் என்றே நினைக்கிறேன்.

ஆனால் புத்தகத்தோடு மட்டும் போனால் என்ன ஆகும் என்றும் எனக்குத் தெரியும். முதல் ஐந்தாறு வருஷம் அப்படித்தான் நடத்தினேன். பிள்ளைகள் பெயர்களை ஒப்பிப்பார்கள். ரெண்டு பராந்தகன், மூணு ராஜராஜன், மூணு ராஜேந்திரன், எண்ணிக் களைத்துப்போகும் அளவுக்குக் குலோத்துங்கன். யாருக்கு அப்புறம் யார் என்று கேட்டால் சரியாகச் சொல்வார்கள். "இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்?" என்று ஒரு நாள் சும்மா கேட்டேன். வகுப்பே ஒரே குரலில், "புக்குல போட்டிருக்கு டீச்சர்." புக் எழுதினவங்களுக்கு எப்படித் தெரியும்? கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் ஒரு பையன், "அவங்க அதுக்கு முந்தின புக்கைப் பாத்திருப்பாங்க." சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் போகும்போது அந்தப் பதில் உறுத்திக்கொண்டே இருந்தது. அவன் சொன்னது தப்பு என்று சொல்லும்படியாக நான் எதையும் நடத்தியிருக்கவில்லை.

புத்தக வழியில் இன்னொரு சிக்கல் காலம். பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்கு 985, 1014 என்பதெல்லாம் வெறும் எண்கள். இதற்கு ஒரு மருந்து உண்டு, ஐந்து ரூபாய் கூட ஆகாது. ஒரு சணல் கயிறு வாங்கி, ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு வருஷம் என்று வைத்து, ஜன்னல் கம்பியில் ஒரு முனையைக் கட்டி அதற்கு 850 என்று பெயர் வையுங்கள். பெரிய கோயில் கட்டி முடித்த 1010, ஒரு மீட்டர் அறுபதில் வரும். துணிக் கிளிப்பில் ஒரு துண்டுத்தாள் மாட்டினால் போதும். ராஜேந்திரன் தென்கிழக்கு ஆசியாவில் இருந்த ஸ்ரீவிஜயத்துக்குக் கப்பல் படை அனுப்பிய 1025 அதற்கு ஒரு சாண் கூடத் தள்ளி இல்லை. 1279 நாலு மீட்டர் இருபத்தொன்பது, எங்கள் வகுப்பில் அது சரியாகக் கதவுக்கிட்டே வந்துவிட்டது. இப்போ நாம எங்கே என்று கேட்டால், கயிறு போதாது. இன்னும் ஏழரை மீட்டர் வேண்டும். கயிற்றை அவிழ்த்து முடிச்சுப் போட்டு வராந்தா முழுக்க இழுத்துக்கொண்டு போனோம். "டீச்சர், காந்தி எங்க?" என்று கேட்டாள் ஒருத்தி. பிறந்த வருஷம் 1869, கதவிலிருந்து ஐந்து மீட்டர் தொண்ணூறு, ஆறாம் வகுப்பு வாசலில் போய் நின்றார் காந்தி. கடைசியில் அவரவர் வயசை அளக்கச் சொன்னேன். பன்னிரண்டு சென்டிமீட்டர். ஒரு பையன் அதைக் கையால் பிடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய் உட்கார்ந்துகொண்டான். புத்தக வழியை எடுப்பவர்கள் வேறெதுவும் செய்யாவிட்டாலும் இந்தக் கயிற்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

சரி, ரெண்டாவது வழி. கதையும் நாடகமும்.

கதை சொல்லத் தெரிந்த ஆசிரியர் கையில் இது பெரிய ஆயுதம். 949இல் தக்கோலத்தில் ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனோடு நடந்த போரை நான் கதையாகத்தான் சொல்வேன். பட்டத்துக்கு வரவேண்டிய இளவரசன் ராஜாதித்தன் யானைமேல் இருந்தபடியே செத்துப்போனான், அதனால்தான் 'யானைமேல் துஞ்சிய தேவர்' என்று அவனுக்குப் பெயர். அந்தத் தக்கோலம் ஏதோ தூரதேசத்தில் இல்லை, அரக்கோணத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது என்றால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். சோழர்கள் தோற்றார்கள் என்பதே அவர்களுக்குப் புதுச் செய்தி. சினிமா வந்த பிறகு சோழர் என்றாலே ஜெயிப்பவர்கள் என்று ஆகிவிட்டது. அந்தத் தோல்விக்கு அப்புறம் ராஜராஜன் வரும்வரை கிட்டத்தட்ட முப்பத்தைந்து வருஷம், கயிற்றில் முப்பத்தைந்து சென்டிமீட்டர், சோழ அரசு தள்ளாடியது. அந்தப் பள்ளத்தைக் காட்டினால்தான் ராஜராஜன் எங்கிருந்து எழுந்தான் என்பது புரியும்.

ஆனால் நாடகம் என்று இறங்கினால் நிலைமை மாறிவிடுகிறது. ஒரு வருஷம் ஆசை ஆசையாகப் போட்டேன். நாலு பீரியட் ஒத்திகையிலேயே போயிற்று. ராஜா வேஷத்துக்கு வகுப்பிலேயே குரல் பெரிதாக இருக்கிற பையன், தளபதிக்கு அவன் சிநேகிதன், மீதிப் பேர் எல்லாம் படைவீரர்கள். பொம்பளைப் பிள்ளைகளுக்கு என்ன வேஷம்? குந்தவை ஒன்று, சாமரம் வீச நாலு பேர். வசனம் எல்லாம் நேராகச் சினிமாவிலிருந்து வந்தது. ஆண்டு விழாவில் கைத்தட்டல் பிரமாதம், எச்.எம். கூடப் பாராட்டினார். ஆனால் அடுத்த வாரம் தேர்வுத் தாளில், சினிமாவில் வந்த ஒரு சம்பவத்தை வரலாறு என்று பதினோரு பேர் எழுதியிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? எது கதை, எது சான்று என்று நான் பிரித்துக் காட்டவே இல்லையே.

அதைவிடப் பெரிய தலைவலி ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் இந்த ஒப்பீட்டுக்கு அர்த்தமில்லை. ராஜாவை நாயகனாக்கிக் கதை சொன்னால் அவர் யாருடைய ஆள் என்கிற கேள்வி எழுந்தே தீரும். "டீச்சர், ராஜராஜ சோழன் எங்க ஆளுங்க" என்றான் ஒருவன். பின்பெஞ்சிலிருந்து, "போடா, எங்க ஆளு." இருவர் வீட்டுத் தெருவிலும் அதே ராஜராஜன் படம் போட்ட பேனர் அவன் பிறந்த நாளான சதய விழாவுக்குத் தொங்குகிறது, ரெண்டு பேனரிலும் வேறு வேறு சாதிப் பெயர். இதை எழுதுகிற எனக்கே கை கூசுகிறது, ஆனால் தமிழ்நாட்டில் சோழர் பாடம் எடுக்கிற யாரும் இதைத் தாண்டிப் போக முடியாது. அன்றைக்கு நான் அதட்டி உட்காரவைத்தேன். அது பதில் இல்லை என்று எனக்கே தெரியும். சோழர்களுடைய செப்பேடுகள் அவர்களைச் சூரியன் வழிவந்தவர்கள் என்றுதான் சொல்கின்றன. அப்படிப் பார்த்தால் உங்கள் ரெண்டு பேருக்கும் சூரியன் தாத்தாவா என்று கேட்டிருக்கலாம். பிறகு வந்த வருஷங்களில் அப்படித்தான் கேட்கிறேன். சிரித்துவிட்டு விடுவார்கள், கொஞ்சம் யோசிக்கவும் செய்வார்கள்.

வீடியோவைத் தனி வழியாகச் சேர்க்கவில்லை. புத்தகத்தில் இருக்கிற கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து ஸ்மார்ட் போர்டில் போட்டுக் காட்டலாம், பெரிய கோயிலின் பிரமாண்டம் படத்தில்தான் தெரியும். பத்து நிமிஷத்துக்கு மேல் போட்டால் பாதி வகுப்பு வேறு உலகத்துக்குப் போய்விடும். அவ்வளவுதான். யூடியூபில் கிடைப்பவற்றைப் போடுவதற்கு முன் ஒரு தடவை முழுக்கப் பாருங்கள். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சாயங்காலம் அங்கே போய் நின்றால் யார் தலைமேல் நிழல் விழுகிறது என்று தெரியும்.

மூன்றாவது வழிக்கு வருகிறேன், கல்வெட்டு. என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் இதுவும் எடுத்த எடுப்பில் சரியாக வரவில்லை.

முதல் தடவை உத்திரமேரூர்க் கல்வெட்டின் மூலப் பாடத்தை அப்படியே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். பாதி சமஸ்கிருதம், பாதி பழந்தமிழ். எனக்கே ரெண்டு தடவை படித்தால்தான் புரியும், ஏழாம் வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைகள் என்ன செய்வார்கள்? ஐந்தாவது நிமிஷமே வகுப்பு கலைந்துவிட்டது. அடுத்த வருஷம் செய்தியை எளிய தமிழில் பத்து வரிக்குள் எழுதி, மூலத்திலிருந்து ஒரே ஒரு வரியை மட்டும் அப்படியே வைத்தேன். அது வேலை செய்தது.

என்ன அந்தச் செய்தி? முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும், உத்திரமேரூர்ச் சபை தன் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆள் எடுப்பதற்கு விதிகள் போட்டு, வைகுண்டப் பெருமாள் கோயிலில் கல்லில் வெட்டிவைத்தது. ஊரை முப்பது குடும்பாகப் பிரித்துக்கொண்டார்கள், அதாவது முப்பது வார்டு. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வந்த முப்பது பேரில் பன்னிரண்டு பேர் சம்வத்சர வாரியம் (ஆண்டு வாரியம்), பன்னிரண்டு பேர் தோட்ட வாரியம், ஆறு பேர் ஏரி வாரியம். புத்தகத்திலும் குடவோலை முறை என்று இது வரும். பிள்ளைகள் அதை 'பண்டைய ஜனநாயகம்' என்று ஒரு வரியில் எழுதி மார்க் வாங்கிவிட்டுப் போய்விடுவார்கள்.

கல்வெட்டில் இருப்பது அதைவிட எவ்வளவோ சுவாரஸ்யம். பையன் ஓலையை எடுத்துக் கொடுத்ததும் அதை வாங்குகிற மத்யஸ்தன், அதாவது நடுவர், எப்படி வாங்க வேண்டும் என்று கூட எழுதிவைத்திருக்கிறார்கள்: ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் ஏற்று வாங்க வேண்டும். நான் இந்த ஒரு வரியை மட்டும் கரும்பலகையில் எழுதிவிட்டு, ஏன் இப்படி என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ஆளாளுக்குக் கையை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டார்கள். மூணாவது பெஞ்சில் ஒரு பெண், வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை, "விரல் நடுவுல வேற சீட்டு ஒளிச்சு வெச்சிருப்பாங்க டீச்சர்" என்றாள். அப்படியென்றால் அதற்கு முன்னால் யாரோ ஒளித்திருக்கிறார்களா? "ஆமா, மாட்டியிருப்பான்." ஒரு விதி இருந்தால் அதற்குப் பின்னால் ஒரு தில்லுமுல்லு இருந்திருக்க வேண்டும் என்று அவளாகவே கண்டுபிடித்துவிட்டாள். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தைய ஊர்க்காரர்கள் அந்த நிமிஷத்தில் அவளுக்குத் தெரிந்த ஆட்களாக மாறிப்போனார்கள்.

அதற்கடுத்து ரெண்டு கல்வெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பேன். 919இல் வயது முப்பதுக்கு மேல் அறுபதுக்குள் என்று இருப்பது, ரெண்டே வருஷத்தில் முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் என்று மாறுகிறது. ஏன் மாற்றினார்கள்? இதற்கு எந்த கைடிலும் விடை கிடையாது, அதுதான் இதன் அழகு. சின்னப் பசங்க சரியா வேலை செய்யல என்றார்கள் சிலர். பெரியவங்க கோவிச்சுக்கிட்டாங்க என்றார்கள் சிலர். எது சரி என்று நான் சொல்வதில்லை, உன் பதிலுக்குக் கல்லில் ஏதாவது ஆதாரம் இருக்கிறதா என்று மட்டும் திருப்பிக் கேட்பேன்.

வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது. அவன் மட்டுமா? அவனுடைய சித்தி பிள்ளைகள், பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், மாமன் பிள்ளைகள், மாமனார், மச்சான், மருமகன், அப்பா, மகன் என்று ஒரு சொந்தக்காரப் பட்டியலே கல்லில் நீள்கிறது. இதைப் படிக்கும்போது வகுப்பு சிரித்து அடங்காது. உன் வீட்டில் ஒருத்தர் கணக்குக் காட்டவில்லை என்றால் யார் யாருக்கு நிற்க முடியாது என்று ஒரு தாளில் எழுது என்பேன். சில பிள்ளைகள் முப்பது பேர் வரை எழுதிவிடுவார்கள். இந்தத் தாளைத்தான் வளரறி மதிப்பீட்டில் செயல்பாட்டுக்கு உள்ள இருபது மதிப்பெண் பகுதியில் வைத்துக்கொள்கிறேன். செயல்பாட்டுக்கென்று தனியாகச் சார்ட் ஒட்டி, பெற்றோரைக் கடைக்கு அலையவிட வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு கேள்வி, அதுதான் இந்தப் பாடத்தின் கனமான இடம். இந்தக் குடத்தில் உங்கள் கொள்ளுத் தாத்தாவுக்குத் தாத்தா பெயர் இருந்திருக்குமா? வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு (வேலி என்பது அந்தக் கால நில அளவு) மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது பிரமதேயம், பிராமணர் ஊர்ச் சபை. நிலம் இல்லாதவர், மற்ற சாதியார், பெண்கள் யாருக்கும் ஓலை கிடையாது. மற்ற ஊர்களில் 'ஊர்' என்று வேறு அவை இருந்தது, வணிகர் ஊர்களில் 'நகரம்' இருந்தது, அது தனி. ஆக இதை ஜனநாயகம் என்று சொல்லலாமா, கூடாதா? வகுப்பு ரெண்டாகப் பிரிந்து கத்தும். ராஜராஜன் எங்க ஆளு என்று சண்டை போட்ட அதே மாதிரிப் பையன்கள், இந்தக் குடத்தில் தங்கள் ரெண்டு பேர் ஓலையும் இல்லை என்று ஒரே பக்கம் நின்று பேசுவார்கள். அதட்டி உட்காரவைத்து நான் சாதிக்காதது இது.

ராஜராஜனுக்கும் ஒரு வரி வைத்திருக்கிறேன். பெரிய கோயில் கல்வெட்டில் அவன் சொன்னதாக வருகிற வரி: "நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லிலே வெட்டுக. அக்கன் என்றால் குந்தவை. பேரரசன் தன் பெயருக்கு அடுத்து அக்கா பெயரை வைக்கிறான், அதற்கப்புறம் கொடுத்தவர் யாராக இருந்தாலும் அவர்கள் பெயரும் ஏறட்டும் என்கிறான். பிள்ளைகள் கவனித்தது வேறு. "டீச்சர், குடுத்தனன்னு இருக்கு, நாங்க எழுதினா சுழிக்கிறீங்க." நியாயமான கேள்வி. தமிழ் ஐயா 'கொடுத்தான்' என்று திருத்துகிற சொல்லை ராஜராஜன் 'குடு' என்றே கல்லில் வெட்டவைத்திருக்கிறான். இதே கோயில் கல்வெட்டில் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயில் ஆடல்மகளிரின் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர்கள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு, ஆளுக்கு வருஷத்துக்கு நூறு கலம் நெல் என்றெல்லாம் வரிசையாக இருக்கிறது. நாடகத்தில் சாமரம் வீசிய பிள்ளைகளுக்கு இதைக் காட்டியிருக்கலாமே என்று பிறகு எனக்கு வருத்தமாக இருந்தது.

இந்த வழியின் குறையையும் சொல்லிவிடுகிறேன். தயாரிக்க நேரம் பிடிக்கும், முதல் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போகும். வகுப்பு சத்தமாக இருக்கும், பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்ப்பார். பாண்டியர்கள் அடிபட்டுப் போவார்கள். மாறவர்மன் குலசேகரன் காலத்தில் காயல் துறைமுகத்துக்கு வந்த அரபுக் குதிரைகள், அவற்றுக்குக் கொட்டிய பணம், பராமரிக்கத் தெரியாமல் அவை செத்துப்போனதாக மார்க்கோ போலோ எழுதியது, இதையெல்லாம் ஓட்டமாகத்தான் சொல்ல முடிகிறது. அதற்கு என்னிடம் நல்ல வழி இன்னும் இல்லை.

நாலாவது, நேரில் போவது. எங்களுக்கு உத்திரமேரூர் பக்கம், வேனில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஒரு தடவை பாடம் தொடங்குவதற்கு முன்பே கூட்டிப் போனேன், பார்த்துவிட்டு வந்து படிக்கட்டும் என்று. அனுமதி, பெற்றோர் கையெழுத்து, வேன், சாப்பாடு என்று ரெண்டு வாரம் அலைந்து, அன்றைக்குக் கிளம்பவே நேரமாகி, போய்ச் சேர்ந்தது பன்னிரண்டரைக்கு. உச்சி வெயிலில் கல்வெட்டு ஒன்றுமே தெரியவில்லை. எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்தால்தான் எழுத்து கண்ணுக்குத் தெரியும், காலையிலோ சாயங்காலமோ சாய்வாக வெளிச்சம் விழும்போது போயிருக்க வேண்டும். எழுத்து தெரியட்டும் என்று ஒரு பையன் சாக்பீஸைக் கொண்டு தேய்க்கப் போனான், நல்ல வேளை பார்த்துவிட்டேன், அது கல்லைக் கெடுக்கும். பிள்ளைகள் சுற்றி ஓடினார்கள், புளிசோறு சாப்பிட்டார்கள், திரும்பினோம். மறுநாள் எழுதச் சொன்னால் எல்லோரும் புளிசோற்றைப் பற்றித்தான் எழுதியிருந்தார்கள்.

ரெண்டு வருஷம் கழித்து, பாடம் முடிந்த பிறகு ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே கிளம்பிப் போனோம். அதே கோயில், அதே சுவர். இந்தத் தடவை "எங்க டீச்சர் அந்த அஞ்சு விரல்?" என்று சுவரோடு ஒட்டிக்கொண்டு தேடினார்கள். அந்த வரியைக் கண்டுபிடிக்க முடியவில்லை, ஆனால் 'ஏரி' என்ற சொல்லைத் தட்டுத் தடுமாறிப் படித்துவிட்டார்கள். ஆகவே நேரில் போவது பாடத்தை ஆரம்பிக்கிற வழி இல்லை. தெரிந்த ஒன்றைப் பார்க்கப் போகும்போதுதான் அந்தக் காசுக்கும் அலைச்சலுக்கும் பலன்.

வேன் முடியாத பள்ளிகளுக்கு ஊர் ஏரி இருக்கிறதே. மதுராந்தகம் என்ற பெயரே சோழர்களின் பட்டப்பெயர், மதுரைக்கு எமன் என்று அர்த்தம்; மதுரையிலிருந்து மாற்றலாகி வந்த எங்கள் கணக்கு ஆசிரியரை இதை வைத்துப் பிள்ளைகள் கிண்டல் செய்தது தனிக்கதை. ஏரி வாரியம் பாடம் முடிந்ததும் எங்கள் ஊர் ஏரிக்கு நடந்தே போனோம். எத்தனை மதகு, கலங்கல் எங்கே, ஆயக்கட்டு எவ்வளவு, யார் தூர் வாருகிறார்கள் என்று ஊர்ப் பெரியவர்களிடம் பிள்ளைகளே கேட்டு எழுதினார்கள். முன்பு ஊரே சேர்ந்து செய்ததை இப்போது அரசுத் துறை செய்கிறது, செய்யாமலும் இருக்கிறது என்றார் ஒரு தாத்தா. ஒரு பீரியட்டில் முடிந்த வேலை, செலவு பூஜ்யம். ஒன்றே ஒன்று, ஊருக்குள் போனால் எந்தத் தெரு வழியாகப் போகிறீர்கள், யாரிடம் கேட்கிறீர்கள் என்பதை முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். கோயில் மரியாதை யாருக்கு என்ற பேச்சு வந்துவிட்டால் பாடம் அங்கேயே நின்றுவிடும்.

சரி, எட்டு பீரியட்டை எப்படிப் பங்கு போடுவது? நான் இப்போது செய்வது இது. முதல் நாள் கயிறு. அடுத்த மூன்று நாள் உத்திரமேரூர். ஒரு நாள் பெரிய கோயில் வரியும் தளிச்சேரிப் பெண்டுகளும். ஒரு நாள் தக்கோலத்தைக் கதையாகச் சொல்லி அதிலிருந்து ராஜேந்திரன் வரை. கடைசி ரெண்டு நாள் புத்தகம், பாண்டியர், பின்பக்கக் கேள்விகள் எல்லாம் சேர்த்து வேகமாக. இந்த வரிசையில் புத்தகம் கடைசியில் வருவதால் வேகம் கூடுகிறது, ஏனென்றால் அதற்குள் பாதிப் பெயர்கள் பிள்ளைகளுக்குப் பழக்கமாகியிருக்கும். பருவத் தேர்வு மதிப்பெண் குறையுமோ என்று முதல் வருஷம் பயந்தேன், குறையவில்லை. கூடியது என்றும் சொல்லமாட்டேன்.

பணிக்கு வந்து முதல் வருஷம் என்றால் இத்தனையும் வேண்டாம். புத்தகமும் கயிறும், ஐந்து விரல் வரிக்கு ஒரே ஒரு பீரியட்டும் போதும். வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைகள் அதிகம் என்றால் தாளே கொடுக்காதீர்கள், நீங்களே வாசித்துக் காட்டுங்கள், அவர்கள் கையை விரித்து நடித்துக் காட்டட்டும். கையில் நாலே பீரியட்தான் மிஞ்சியது என்றால் கயிறு ஒன்று, உத்திரமேரூர் ரெண்டு, புத்தகம் ஒன்று. நாடகம் போட்டே ஆகவேண்டும் என்று மேலிடத்திலிருந்து சொன்னால் குடவோலை நாளையே நாடகமாகப் போடுங்கள், அதில் ராஜா வேஷமே கிடையாது.

குடம் விஷயத்தில் ஒன்று. மண் குடமாக இருக்கட்டும். முதல் வருஷம் வகுப்புத் தலைவரைக் குடவோலையில் எடுக்கிறோம் என்று, சத்துணவுக் கூடத்திலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பா வாங்கி வந்து செய்தேன். டப்பா லேசாக உள்ளே தெரிகிற மாதிரி. ஓலை எடுக்க வந்த மூன்றாம் வகுப்புப் பையன் வெளியிலிருந்தே பார்த்து அவன் அண்ணன் பெயரை எடுத்துவிட்டான். சீட்டைக் கையில் வாங்குகிறவரை ஐந்து விரலையும் விரிக்கச் சொன்ன வகுப்பு அதை விடுமா? அடுத்த சீட்டு போடுவதற்கு முன் புது விதி எழுத வேண்டும் என்று என்னிடம் சாக்பீஸ் கேட்டார்கள்.